எந்த வலிக்கு எந்தக் கை? மசாஜ் தேர்வு: முக்கியக் குறிப்புகள்

ஸ்பா, பாரம்பரிய மருத்துவம் ஆகிய துறைகளில் திறன் சான்றிதழுக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்தவை இவை. வகையின் பெயர், தோற்றுவித்தவர், ஆண்டு என்று மனப்பாடம் செய்தால் எழுத்துத் தேர்வில் தேறிவிடலாம். செய்முறைத் தேர்வு அப்படியல்ல. எதிரே படுத்திருப்பவருக்கு எது ஏற்றது, எது ஆகாது என்று கேட்பார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சில தெருக்களுக்குள்ளேயே தமிழ், மலாய், சீன, தாய்லாந்து முறைகள் எல்லாம் கிடைக்கும். அதனால் வாடிக்கையாளர் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைகிறார். தேர்வராகிய நீங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சட்ட எண்களை நாளைக்குக்கூடப் படிக்கலாம். தேவையும் வகையும், கை வைக்கக் கூடாதவை என்ற இரண்டு பகுதிகளையும் இன்றே படியுங்கள்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ்

• 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டும்படி பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

• விவேகானந்தா ஆசிரமம்: 1904. கேஎல் சென்ட்ரல் நிலையம்: 2001. லிட்டில் இந்தியா திறப்பு: அக்டோபர் 2010, அன்றைய பிரதமர்கள் நஜிப் ரசாக், மன்மோகன் சிங் இருவரும் கலந்துகொண்டனர். பாரம்பரிய மருத்துவத்தில் ஒத்துழைப்பது பற்றிய இந்திய–மலேசியப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் அதே வருகையின்போதுதான் கையெழுத்தானது. திறப்பு விழா எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஒப்பந்தம் யாருக்கும் நினைவில்லை. கேள்வி பெரும்பாலும் மறந்ததிலிருந்துதான் வரும்.

• பிரதான சாலையான ஜாலான் துன் சம்பந்தனின் பழைய பெயர் பிரிக்பீல்ட்ஸ் சாலை. துன் வீ.தி. சம்பந்தன் (1919–1979) ம.இ.கா. தலைவராக இருந்தது 1955 முதல் 1973 வரை.

• மலேசியப் பார்வையற்றோர் சங்கம்: தொடக்கம் 1951, தலைமையகம் பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் தெபிங். அங்குள்ள கர்னி பயிற்சி மையம் சர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கியது. மலாயாவின் பிரிட்டிஷ் ஹை கமிஷனரான அவர், பிரேசர்ஸ் ஹில் போகும் வழியில் 6 அக்டோபர் 1951 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

• பயிற்சிக்கு வந்த பார்வையற்றோர் பலர் அதே வட்டாரத்தில் குடியேறினார்கள், அங்கேயே தொழிலும் தொடங்கினார்கள். நடைபாதையில் பதித்த மஞ்சள் வரிக்கற்கள் கால் உணர்வதற்காக. மாடிப்படி ஏறிப் போகும் மசாஜ் கடைகள் பல பார்வையற்றவர்கள் நடத்துபவை.

விழியில்லாதவர் விரல்: உலக வரலாறு

• ஜப்பானில் அன்மா என்ற பிடிமுறை பல நூற்றாண்டுகளாகப் பார்வையற்றோரின் தொழில். சுகியாமா வாயிச்சி (1610–1694) பார்வையற்றவர்; அக்குபங்சர் ஊசியைக் குழாய் வழியாகச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார், பார்வையற்றோருக்குப் பயிற்சிப் பள்ளிகளையும் அமைத்தார்.

• தென் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றோருக்கு மட்டுமே என்று விதி இருந்தது. 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பார்வையற்றோர் போராடினார்கள், சட்டம் திருத்தி எழுதப்பட்டது, 2008இல் அதே நீதிமன்றம் புதிய சட்டத்தை ஏற்றது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே கேட்பார்கள்.

• மலேசியாவில் அப்படிப்பட்ட தனியுரிமை கிடையாது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 (சட்டம் 685) அவர்களின் பதிவு, பாதுகாப்பு, மறுவாழ்வு, நல்வாழ்வு ஆகியவற்றுக்கானது, ஒரு தொழிலை அவர்களுக்கென்று ஒதுக்கவில்லை. எனவே பிரிக்பீல்ட்ஸ் மசாஜ் கடைக்காரர் பேரங்காடி ஸ்பாவோடு நேருக்கு நேர் போட்டி போட வேண்டியிருக்கிறது. என் கருத்தில், கழுத்து–தோள் முடிச்சுக்குப் பிரிக்பீல்ட்ஸ் கைக்கு ஈடு இந்த வட்டாரத்தில் குறைவு. துண்டின் மேல் உள்ளங்கையை வைத்து முதுகெலும்பின் இரு ஓரமும் ஒருமுறை நீவிப் பார்ப்பார்கள். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கு வந்ததும் கட்டைவிரல் நின்றுவிடும். "இங்கதானே?" என்று அவர் கேட்ட பிறகுதான் அழுத்தம் தொடங்கும். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இந்த நீவிப் பார்ப்பதற்குத்தான். பலர் நேரே அழுத்தத் தொடங்கி மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள்.

தேவையும் வகையும்

• கணினி வேலை, கழுத்து–தோள் இறுக்கம்: நடுத்தர அழுத்தம். உலர் மசாஜ், ஷியாட்சு, சுவீடிஷ் மூன்றும் பொருந்தும். அரை மணி நேரம் போதும். இரண்டு மணி நேரத் தொகுப்பு வாங்குவதால் முடிச்சு இரண்டு மடங்கு இளகிவிடாது. கழுத்தின் முன்பக்கம் கை போகக் கூடாது. கழுத்துத் தமனி அங்கே தோலுக்கு அருகில் ஓடுகிறது.

• கீழ்முதுகு வலி: போர்ட் கிள்ளான் லாரி ஓட்டுநர் முதல் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்பவர் வரை அதிகம் சொல்லும் வலி இதுதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டி, புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் டிசம்பர் 2023இல் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகு வலி வழிகாட்டியிலும் மசாஜ் இடம்பெறுகிறது, உடற்பயிற்சியோடும் விளக்கக் கல்வியோடும் சேர்த்து. விடையில் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் பாதி மதிப்பெண். மசாஜ் வலியைத் தணிக்கிறது. மீண்டும் வராமல் காப்பது நடையும் பயிற்சியும்.

• கீழ்முதுகு வலியோடு கால் வலுவிழப்பு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல்: மசாஜ் மேசையே வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவு. விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, புற்றுநோய் வரலாறு உள்ளவரின் புதிய வலி ஆகியவற்றையும் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.

• கணுக்கால் சுளுக்கு: நம்மவர்கள் தவறும் இடம். ஃபுட்சால் திடலில் கால் மடங்கிய அன்றைக்கே "சுளுக்கு எடுக்க" ஓடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்தின் மேல் தேய்க்கக் கூடாது. ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் போதும். எலும்பு முறிவா என்று பிரித்தறிய ஒட்டாவா கணுக்கால் விதிகள் உண்டு (கனடா, 1992): கணுக்கால் எலும்பு முனையின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி நடக்க முடிகிறதா. வலித்தாலோ நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே.

• விளையாட்டுக்குப் பின் தசைவலி: மசாஜால் வலியுணர்வு குறையும். "லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது" என்று விளம்பரத்தில் இருந்தால் அது தவறு. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உடல் தானே அதைச் சமாளித்துவிடும். "நச்சு நீக்கம்" என்பதும் இதே ரகம். கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை.

• தூக்கமின்மை, மனச்சோர்வு: மெதுவான, நீண்ட, எண்ணெயோடு கூடிய தடவல். அப்யங்கம், சிரோதாரை, நறுமண எண்ணெய் மசாஜ். இவருக்கு ஆழ்திசு மசாஜைப் பரிந்துரைப்பது தவறு.

• உடல் விறைப்பு, தொடை பின்தசை இறுக்கம்: தாய்லாந்து முறை. இழுத்து வளைப்பது அதிகம் என்பதால் எலும்புத் தேய்மானம் முற்றியவர், இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர், முதுகுத் தட்டு பிதுங்கியவர் ஆகியோருக்கு ஆகாது.

• கால் களைப்பு: பாதப் பிடி. களைப்புக்கு நல்லது. பாதத்தின் இன்ன புள்ளி கல்லீரல், இன்ன புள்ளி சிறுநீரகம் என்ற வரைபடத்துக்கு அறிவியல் சான்று நிறுவப்படவில்லை. கட்டைவிரலை அழுத்தும்போது வலித்தால் "உங்களுக்குத் தலையில் கோளாறு" என்று சொல்பவரிடம் கால் கொடுக்கலாம், காது கொடுக்க வேண்டாம்.

• பக்கவாதத்துக்குப் பின்: வீட்டுக்கு ஆள் வரவழைப்பதற்கு முன் மறுவாழ்வு மருத்துவரிடம் கேட்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள் சிலவற்றில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு உண்டு. நாள்பட்ட வலிக்கும் பக்கவாத மீட்சிக்கும் மலாய் மசாஜும் அக்குபங்சரும் அங்கே தரப்படுகின்றன. போவதற்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மீள்கிற நோயாளி கடைக்குப் போவதைவிட இந்த வழியில் போவதே மேல் என்பேன். எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாது.

முறைகளும் மூலமும்

• தொக்கணம்: சித்த மருத்துவத்தில் மசாஜுக்கான பெயர். அகமருத்துவம் 32, புறமருத்துவம் 32. தொக்கணம் புறமருத்துவத்தில் ஒன்று. அதன் ஒன்பது செயல்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒன்பதையும் எழுதச் சொன்னால் பெரும்பாலும் ஏழில் நின்றுவிடுவார்கள். விடுபடுவது கட்டலும் மல்லாத்துதலும்.

• வர்மம்: 108 இடங்கள், படுவர்மம் 12, தொடுவர்மம் 96. தென் தமிழகத்தில், குறிப்பாகக் குமரி மாவட்டத்தில் ஆசான்கள் வழி வந்த கலை. மலேசிய சுகாதார அமைச்சு தன் பாரம்பரிய இந்திய மருத்துவச் சேவைகளில் சிரோதாரை, புறவஸ்தி (வலியுள்ள இடத்தின் மேல் எண்ணெய் தேக்கி வைப்பது), வர்மம் மூன்றையும் வகைப்படுத்தியிருக்கிறது. எனவே வர்மத்தைப் "பாட்டி வைத்தியம்" என்று எழுதாதீர்கள். காணொளி பார்த்து வர்மப் புள்ளி அழுத்துவதையும் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

• ஆயுர்வேதம்: அப்யங்கம் எண்ணெய்த் தேய்ப்பு, கிழி என்பது மூலிகையோ அரிசியோ கட்டிய பொட்டலத்தால் கொடுக்கும் ஒத்தடம், பிழிச்சல் என்றால் வெதுவெதுப்பான எண்ணெயைத் துணியால் பிழிந்து வார்ப்பது. சிரோதாரையில் நெற்றியில் எண்ணெய் ஒழுக விடுவார்கள்.

• மலாய் உருட்: எண்ணெயோடு கட்டைவிரலால் நீண்டு இழுத்து அழுத்துவது. பிரசவத்துக்குப் பின் பீடான் என்னும் மருத்துவச்சி செய்வது இதன் தனிக்கிளை. "உருட் பாத்தின்" என்று ஆண்மைக்காக விளம்பரப்படுத்துவதில் போலிகள் அதிகம்.

• சீனத் துய்னா: தள்ளு, பிடி என்ற இரு செயல்களின் பெயரால் அமைந்தது, சீன மருத்துவத்தின் ஒரு பிரிவு. கழுத்து, முதுகு மூட்டுகளுக்கு அதிகம்.

• ஷியாட்சு: தொகுஜிரோ நமிகோஷி (1905–2000). எண்ணெய் கிடையாது, உடைமேல் விரலழுத்தம்.

• நுவாட் தாய்: 2019இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பாங்காக் வாட் போ கோயிலின் கல்வெட்டுகள் 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. இரண்டும் வேறு வேறு பட்டியல்கள்.

• சுவீடிஷ் மசாஜ்: பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) பெயரில் வழங்குகிறது, அவர் 1813இல் ஸ்டாக்ஹோமில் நிறுவியது உடற்பயிற்சிக் கல்லூரி. எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ் முதலிய பிரெஞ்சுப் பெயர்களோடு அடிகளை முறைப்படுத்தியவர் டச்சு மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர் (1838–1909). பழைய கையேடுகள் லிங்குக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடும். "முறைப்படுத்தியவர்" என்று வினா வந்தால் மெட்ஸ்கர்.

• பாதப் பிடி: மண்டலக் கோட்பாடு அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டுடையது (1872–1942). அதைப் பாத வரைபடமாக விரித்தவர் யூனிஸ் இங்ஹாம் (1889–1974).

• நிணநீர் வடிப்பு: டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், 1930கள். இறகு தடவுவது போல மெல்லியது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கினால் இது ஏற்றது. பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

• நறுமணச் சிகிச்சை என்ற பெயரைத் தந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கட்டஃபோசே, 1937.

• வலி ஏன் குறைகிறது: மெல்சாக்–வால் வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாடு, 1965. தொடுதல், அழுத்தம் ஆகியவற்றின் நரம்புச் சைகைகள் தண்டுவடத்தில் வலிச் சைகையின் வழியைக் குறுக்குகின்றன. இடித்துக்கொண்ட முழங்காலை உடனே தேய்ப்பதற்கும் இதே விளக்கம்தான்.

முடிதிருத்தகத் தலைமசாஜ்

பாடத்திட்டத்தில் இது இல்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் தமிழ் ஆண்கள் பலர் வாழ்நாளில் முதன்முதல் பெறும் மசாஜ் இதுதான். முடி வெட்டி முடிந்ததும் இரு கையையும் கூப்பித் தலையில் சடசடவென்று தட்டுவார்; புருவத்திலிருந்து பிடரி வரை விரல் ஓடும்; தோளைப் பிடித்துவிடுவார். அதுவரை நல்லது. பிறகு ஒரு கை தாடையில், ஒரு கை உச்சியில், சட்டென்று ஒரு முறுக்கு, நெட்டி முறியும் சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே சிலர் போகிறார்கள்.

• கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்கு ஏறும் முதுகெலும்புத் தமனி திடீர் முறுக்கில் கிழியலாம். அபூர்வம்தான், நடந்தால் பக்கவாதம். மருத்துவ இதழ்களில் முடிதிருத்தகச் சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

• முறுக்குக்குப் பின் சில மணி நேரமோ நாட்களோ கழித்துக் கடும் கழுத்துவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை வந்தால் உடனே மருத்துவமனை.

• உட்காரும்போதே "அண்ணே, நெட்டி வேணாம்" என்று சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கை வைக்கக் கூடாதவை

• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழ்சிரை இரத்தக்கட்டு என்று சந்தேகிக்க வேண்டும். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பின் வாய்ப்பு அதிகம். தேய்த்தால் இரத்தக்கட்டு நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிரே போகலாம். செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்ல நேரமிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

• மார்பு அடைப்பு, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை: "வாய்வுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துச் சுக்குத் தண்ணீர் குடித்து நேரம் கடத்துவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழிகிறது. எண் 999.

• வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்: ஆழ்ந்த அழுத்தம், தட்டல், குவளை வைத்தல் மூன்றும் கூடாது. உள்ளே இரத்தம் கசியும்.

• காய்ச்சல், தோல் தொற்று, திறந்த புண், தீக்காயம், புதிய எலும்பு முறிவு, கட்டுப்படாத இரத்த அழுத்தம்: ஒத்திப்போடுக.

• நீரிழிவு: மலேசிய தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 2023இல் 15.6. இரு ஆய்விலும் இந்தியர்களிடையேதான் விகிதம் மிக அதிகம். எனவே தமிழ் வாடிக்கையாளரின் பாதத்தைத் தொடும் முன் கேட்டுவிடுங்கள். நரம்பு மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. சூடான கல்லும் கொதிக்கும் கால்நீரும் தோலை வேகவைத்த பிறகுதான் அவருக்கே தெரியும். விரலிடுக்கில் சிறு புண் இருந்தாலும் பாதப் பிடி கூடாது. தண்ணீர்ச் சூட்டை உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், அவர் காலை விட்டுப் பார்க்காதீர்கள்.

• "வலித்தால்தான் வேலை செய்கிறது" என்பது பொய். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கும் அளவுக்கு அழுத்தம் போனால் தசை எதிர்த்து இறுகும். அளவு மீறிய அழுத்தத்தில் தசை இழைகள் சிதைந்து சிறுநீர் கோலா நிறமாகலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்களும் உண்டு.

பேறுகாலமும் பச்சைக் குழந்தையும்

• மலாய் மரபில் பந்தாங் (பேறுகாலப் பத்தியம்) 44 நாள்; சீனர்களுக்கு ஒரு மாதம்; தமிழர் பத்தியம் வீட்டுக்கு வீடு மாறும், 40 நாள் என்பது பரவலான கணக்கு. பெங்கொங் என்பது வயிற்றுக் கட்டு. துங்கு என்பது சூடாக்கிய கல் ஒத்தடம்.

• கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்த் தாய்க்கு மலாய் மக்சிக் வந்து உருட் செய்வதும், மாமியார் நல்லெண்ணெய் காய்ச்சுவதும், சீன அண்டைவீட்டார் இஞ்சி கொடுத்துவிடுவதும் ஒரே வீட்டில் நடக்கும். மூன்றும் சேரட்டும், ஒன்றில் மட்டும் கண்டிப்பு: சிசேரியன் என்றால் தையல் ஆறி மருத்துவர் ஒப்புக்கொள்ளும் வரை வயிற்றில் கை வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கால், தோள், முதுகு பிடிக்கலாம்; கெண்டைக்கால் வீக்கம் பார்த்த பிறகே காலைத் தொட வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் இரத்தக்கட்டு அபாயம் கூடுதல்.

• கர்ப்பிணிக்கு: மல்லாந்தும் குப்புறவும் நெடுநேரம் படுக்க வைக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்து. வயிற்றில் அழுத்தம் கிடையாது. முதல் மூன்று மாதம் பல நிலையங்கள் ஏற்பதில்லை.

• குழந்தைக்கு மென்மையான எண்ணெய்த் தேய்ப்பு நல்லது, பிணைப்பும் வளரும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். "உரம் எடுக்க" என்று சேலையில் போட்டு உருட்டுவது, "குடலேற்றம்" என்று தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது இரண்டையும் விட்டுவிட வேண்டும். பாட்டியோடு வாதாடத் தேவையில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும் போதும், நாம் தட்டுவதால் குடல் இறங்குவதில்லை.

• மலேசியாவில் பிறந்ததும் ஜி6பிடி நொதிக் குறைபாட்டுச் சோதனை செய்வது வழக்கம். குறைபாடு உள்ள குழந்தைக்குக் கற்பூரமோ மெந்தாலோ கலந்த தைலம் ஆகாது. குறைபாடு இல்லாவிட்டாலும் கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலம் வேண்டாம்.

எண்ணெயும் தைலமும்

• நல்லெண்ணெய் சூடு தரும் என்பது மரபு. வழுக்கும் தன்மை நீடிப்பதால் நீண்ட தடவலுக்கு ஏற்றது. எள் ஒவ்வாமை உள்ளவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

• ஆயுர்வேதத் தைலங்கள்: தன்வந்தரம் பேறுகாலத்துக்கும் வாதத்துக்கும், கொட்டஞ்சுக்காதி மூட்டு வீக்கத்துக்கு, க்ஷீரபலா நரம்புக்கு, முறிவெண்ணை அடிபட்ட இடத்துக்கு. பெயரில் முறிவு இருந்தாலும் முறிந்த எலும்பின் மேல் தேய்த்துவிடக் கூடாது.

• கோடாலித் தைலம்: சிங்கப்பூரின் லியுங் காய் ஃபூக் நிறுவனம், 1928. டைகர் பாம்: ரங்கூனின் ஆவ் குடும்பத்துத் தயாரிப்பு, பின்னர் சிங்கப்பூரில் காலூன்றியது. மினியாக் காமாட்: கடல் அட்டையிலிருந்து, லங்காவி.

• மெந்தால் தைலம் தேய்த்த இடத்தில் உடனே சூட்டுப்பை வைக்கக் கூடாது. தோல் வெந்துவிடும்.

சட்டமும் சான்றும்

• பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் 2016 (சட்டம் 775). கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அங்கீகரித்த பிரிவுகள் ஏழு: பாரம்பரிய மலாய், சீன, இந்திய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை. இந்திய மருத்துவத்துக்குள் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, யோகா–இயற்கை மருத்துவம் அடங்கும்.

• சுகாதார அமைச்சில் இதற்கான பிரிவு 2004இல் தோன்றியது. முதல் ஒருங்கிணைந்த மருத்துவமனைப் பிரிவு: பினாங்கு, கெப்பாலா பத்தாஸ், 2007.

• ஸ்பா, பாதப் பிடி நிலையங்களின் தரப்படுத்தல் சுற்றுலா அமைச்சின் கையில். வளாக உரிமம் ஊராட்சி மன்றத்தின் கையில். கோலாலம்பூரில் மாநகர் மன்றம். கிள்ளான் 5 பிப்ரவரி 2024இல் அரச மாநகரமானது. அங்கே கிள்ளான் அரச மாநகர் மன்றம்.

• மலேசியத் திறன் சான்றிதழ் வழங்க அடிப்படை: தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006 (சட்டம் 652).

• 652, 685, 775: ஏறுவரிசையில் ஆண்டும் 2006, 2008, 2016 என்று ஏறும். குழம்பாது.

கடைக்குள் கவனிக்க

• விலைப்பட்டியல் வெளியே தெரிகிறதா, உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, துண்டு மாற்றுகிறார்களா, முதலில் உடல்நிலை கேட்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

• பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் வேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. எந்த ஆடையைக் களைய வேண்டும், எந்த இடம் மூடியிருக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். நடுவில் "நிறுத்துங்கள்" என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

• முன்கூட்டிப் பத்துத் தவணைக்குப் பணம் கட்டச் சொன்னால் முதல் தவணை முடிந்து மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

• பார்வையற்றவர் நடத்தும் கடையில்: உள்ளே வந்ததும் வாயால் சொல்லுங்கள், செருப்பை நடைவழியில் விடாதீர்கள், மேசை நாற்காலியை நகர்த்தாதீர்கள். வலிக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டாமல் சொல்லால் சொல்லுங்கள். புண்ணோ வீக்கமோ தழும்போ இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும், அவர் கண்ணால் பார்த்துத் தவிர்க்க வழியில்லை. பணம் கொடுக்கும்போது எத்தனை வெள்ளி நோட்டு என்று சொல்லி, சரியான நோட்டையே கையில் கொடுங்கள்.